கீழ்த்தள சிங்க்கின் கழிவுத் தண்ணீரை மேலே ஏற்ற எந்த மோட்டார்? ஹெச்பி கேட்கும் முன் அளக்க வேண்டியவை

கீழ்த்தளத்தில் துவைக்கவும் கழுவவும் ஒரு சிங்க் வைத்துவிட்டு, அதில் விழும் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் வாங்கப் போனால், கடையில் வரும் முதல் கேள்வி "எத்தன ஹெச்பி வேணும்?" என்பதுதான். கிணற்று மோட்டாரே ஒரு ஹெச்பி, இது வெறும் சிங்க்தானே, அரை போதும் என்று பேச்சு முடிந்து பெட்டி கைக்கு வந்துவிடும். கொஞ்ச நாளில் அது அடைத்துக்கொள்ளும், அல்லது ஏர் பிடித்து வெறுமனே சுற்றும், அல்லது ராத்திரியெல்லாம் நிற்காமல் ஓடும். மோட்டார் மட்டம் என்று பேராகிவிடும். பெரும்பாலும் மோட்டாரில் பழுது இருக்காது. அந்த வேலைக்கான மோட்டார் அது இல்லை.

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி நிறையப் பேருக்கு வருவதற்கு நிலத்தின் அமைப்பே காரணம். நாஞ்சில் நாட்டு வயல் பரப்பைத் தாண்டி மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் தரை ஏறுவதும் இறங்குவதுமாகவே கிடக்கும். ரோட்டு மட்டத்தில் வாசல், அதற்குக் கீழே சரிவில் இன்னொரு தளம் என்று கட்டிய வீடுகள் தக்கலை, மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் எங்கும் உண்டு. வாஷிங் மெஷின், மீன் கழுவும் இடம், ரப்பர் பால் வாளிகள் எல்லாம் அந்தக் கீழ்த்தளத்துக்குத்தான் போய்ச் சேரும். ஆனால் செப்டிக் டேங்கோ உறிஞ்சுகுழியோ ரோட்டுப் பக்கம், மேலே இருக்கும்.

## முதலில், மோட்டார் வேண்டுமா?

இதைக் கடையில் யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் தானாகப் போக ஒரே நிபந்தனைதான்: போய்ச் சேரும் இடம் புறப்படும் இடத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-ல் கட்டப்பட்டதிலிருந்து ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குக் கால்வாய்த் தண்ணீரை எடுத்துப் போகிறது. அதில் மோட்டாரே கிடையாது. பள்ளத்தில் இறங்கினால் உயரம் போய்விடும் என்பதற்காகத்தான் அத்தனை உயரத் தூண்கள். எதிர்முனை தாழ்வாக இருக்கிறது, அதனால் தண்ணீர் ஓடுகிறது.

உங்கள் வீட்டையும் அதே கண்ணோடு பாருங்கள். வாசல் பக்கம் கீழ்த்தளம் மண்ணுக்குள் இருந்தாலும், பின்பக்கம் சரிவு இன்னும் கீழே இறங்கித் தென்னை, வாழை நிற்கும் இடத்துக்குப் போகிறதா? அப்படியானால் சிங்க் தண்ணீரை 50 மி.மீ. குழாயில், மீட்டருக்கு 2 செ.மீ. இறக்கம் கொடுத்து, பின்பக்கம் ஒரு உறிஞ்சுகுழிக்கோ தென்னை மூட்டுக்கோ விட்டுவிடலாம். கரண்ட் இல்லாவிட்டாலும் அது போகும், பழுதாக அதில் எதுவும் இல்லை. என்னைக் கேட்டால், பின்பக்கம் இடம் இருக்கும் வீட்டுக்கு மோட்டார் வைப்பது தேவையில்லாத செலவு. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டு எல்லைக்கோ கிணற்றருகுக்கோ போகக் கூடாது.

பின்பக்கமும் மதில், அதற்கு அப்பால் மேடு, போக்கிடம் மேலேதான் என்றால் மட்டும் மோட்டார். இனி வருவது அவர்களுக்கு.

## மோட்டார் உண்மையில் செய்யும் வேலை

நாம் மோட்டார் என்று சொல்வதில் இரண்டு பகுதிகள் உண்டு. சுற்றுவது மோட்டார். அந்தச் சுற்றை வாங்கித் தண்ணீரைத் தள்ளுவது பம்ப். பம்புக்குள் விசிறி போல் இதழ்கள் வைத்த ஒரு சக்கரம் இருக்கும், அதன் பெயர் இம்பெல்லர். தண்ணீரை அது விளிம்பை நோக்கி வீசுகிறது. அந்த வேகம்தான் அழுத்தமாக மாறித் தண்ணீரைக் குழாயில் ஏற்றுகிறது.

இங்கே இரண்டு சொற்கள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும் என்பது ஹெட், மீட்டரில் சொல்வார்கள். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வெளியே வருகிறது என்பது டிஸ்சார்ஜ், பம்பின் மேலுள்ள தகட்டில் எல்பிஎம் என்று இருக்கும்.

இந்த இரண்டும் ஒன்றையொன்று தின்னும். மாடி கட்டும் இடத்தில் மணல் சுமக்கும் ஆளை நினைத்துப் பாருங்கள். தரையில் நடந்து கொட்டுவதென்றால் ஒரு மணி நேரத்தில் நிறையச் சட்டி கொண்டுபோவார். முதல் மாடிக்கென்றால் எண்ணிக்கை குறையும், இரண்டாம் மாடிக்கென்றால் இன்னும் குறையும். ஏதோ ஒரு உயரத்தில் சட்டியைத் தலையில் தாங்கி நிற்க முடியும், அதற்குமேல் ஒரு படி ஏற முடியாது. பம்புக்கும் அப்படி ஒரு உயரம் உண்டு. தண்ணீரை அதுவரை தூக்கிப் பிடித்து நிற்கும், ஆனால் குழாய் வாயில் ஒரு சொட்டுக்கூட வராது.

தகட்டில் 'அதிகபட்ச ஹெட் 7 மீட்டர்' என்று எழுதியிருப்பது அந்த நிற்கும் உயரத்தைத்தான். ஏழு மீட்டர் ஏற்றும் என்று படித்து, ஆறரை மீட்டருக்கு வாங்கிவிட்டு, நூல் போல் தண்ணீர் வருகிறதே என்று வருந்துகிறோம். அதேபோல் 'அதிகபட்ச டிஸ்சார்ஜ்' என்பது கிட்டத்தட்ட உயரமே இல்லாதபோது கொட்டும் அளவு. இரண்டு அதிகபட்சமும் ஒருசேரக் கிடைக்காது. பெட்டியில் இருக்கும் அட்டவணையிலோ வளைகோட்டிலோ, நம் உயரத்தில் எத்தனை லிட்டர் என்று பார்ப்பதுதான் சரியான வாசிப்பு.

## ஹெச்பி எதைச் சொல்கிறது?

ஒரு ஹெச்பி 746 வாட். சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அந்தப் பலத்தை உயரத்துக்குச் செலவழிக்கிறதா, அளவுக்குச் செலவழிக்கிறதா என்பது இம்பெல்லரின் அமைப்பைப் பொறுத்தது. அரை ஹெச்பியில் நிறைய உயரமும் கொஞ்சம் தண்ணீரும் தரும் பம்பும் உண்டு, கொஞ்சம் உயரமும் நிறையத் தண்ணீரும் தரும் பம்பும் உண்டு. ஹெச்பியை மட்டும் சொன்னால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்?

தேவைப்படும் பலம் எவ்வளவு சிறியது என்று ஒரு கணக்கு போட்டால் வியப்பாக இருக்கும். வினாடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர், இரண்டையும் பெருக்கி 9.81-ஆல் மறுபடி பெருக்கினால், தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய வாட் கிடைக்கும். நிமிஷத்துக்கு 40 லிட்டர், அதாவது வினாடிக்கு 0.67 லிட்டரை, 4 மீட்டர் ஏற்ற 26 வாட் போதும். சின்னப் பம்புகள் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவும் சுழலாகவும் இழப்பவை. அதற்காக நாலைந்து மடங்கு சேர்த்தாலும் கால் ஹெச்பிக்குள் நின்றுவிடும்.

இதுவரை சொன்னது சுருக்கமாக: போக்கிடம் தாழ்வாக இருந்தால் மோட்டார் வேண்டாம். வேண்டுமென்றால் ஹெட், டிஸ்சார்ஜ் இரண்டையும் அளந்துவிட்டுப் போக வேண்டும். ஹெச்பி கடைசியில் தானாக வந்து சேரும்.

## ஒரு வீட்டின் அளவு

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தளத் தரைக்கு அரை மீட்டர் கீழே தண்ணீர் சேரும் குழி. தரையிலிருந்து 3 மீட்டர் மேலே, தண்ணீர் போய்ச் சேரும் ரோட்டுப் பக்கத்துச் சேம்பர். குழியின் அடியிலிருந்து குழாயின் உச்சிவரை 3.5 மீட்டர். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் இதை அளந்துவிடலாம். குழாய் எத்தனை வளைந்தாலும் மாறாத உயரம் இது.

இதோடு குழாய்ச் சுவரில் தண்ணீர் உராய்வதால் வரும் இழப்பையும் உயரமாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். குழாய் நீளம் 12 மீட்டர், மூன்று எல்போ (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு), ஒரு வால்வு என்று வையுங்கள். உள்விட்டம் 32 மி.மீ. பிவிசி குழாயில் நிமிஷத்துக்கு 40 லிட்டர் போனால் இழப்பு சுமார் அரை மீட்டர். ஆக மொத்தம் 4 மீட்டர்.

வீட்டில் மிச்சம் கிடக்கிறதே என்று 20 மி.மீ. குழாயைப் போட்டால் என்ன ஆகும்? அதே தண்ணீருக்கு உராய்வு ஏறக்குறைய பத்து மடங்காகும். அந்த 12 மீட்டர் குழாயே 3 மீட்டர் உயரத்தைத் தின்றுவிடும், மொத்த ஹெட் 7 மீட்டரை நெருங்கும். மேலே சொன்ன '7 மீட்டர்' பம்ப் அங்கே சும்மா நிற்கும். மோட்டாரை மாற்றாமல் குழாயை மாற்றினாலே சரியாகும் கேஸ்கள் இப்படித்தான் வருகின்றன.

அதற்காகப் பெரிய குழாயாகப் போட்டுவிடுவதும் தவறு. அழுக்குத் தண்ணீர் குழாயில் வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்துக்குக் குறையாமல் ஓடினால்தான் மண்ணும் பிசுக்கும் தங்காமல் அடித்துக்கொண்டு போகும். 40 லிட்டருக்கு 32 மி.மீ. குழாயில் 0.8 மீட்டர் வேகம் கிடைக்கிறது. 50 மி.மீ. போட்டால் 0.34-க்கு இறங்கிவிடும், மணல் அடியில் படியும். பம்பின் வாய் அளவு எதுவோ அதையே மேல்வரை கொண்டுபோவது நல்லது, நடுவில் குறுக்கக் கூடாது.

சரி, அந்த 40 லிட்டர் எங்கிருந்து வந்தது? பலர் குழாயைத் திறந்து வாளி நிரம்பும் நேரத்தைப் பார்க்கிறார்கள். அது போதாது. சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்துத் துணி அலசிவிட்டு அடைப்பானை எடுக்கும்போதுதான் அதிக வேகத்தில் தண்ணீர் வரும். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழமுள்ள சிங்க் நிரம்பினால் 67 லிட்டர். அதை நிரப்பி, அடைப்பானை எடுத்து, கைப்பேசியில் நேரம் பாருங்கள். 100 வினாடியில் காலியானால் நிமிஷத்துக்கு 40 லிட்டர். வாஷிங் மெஷினையும் அதே குழியில் விடுவதாக இருந்தால், மெஷின் வெளியேற்றும் நேரத்தில் அதன் குழாயை வாளியில் விட்டு அதையும் அளந்து கூட்டுங்கள்.

## என்ன தண்ணீர் வருகிறது?

வீட்டுக் கிணற்றில் இருக்கும், மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த மோனோபிளாக் பம்பை இந்த வேலைக்கு வைத்துவிடலாமே என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த வகைக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 9079 தன் தலைப்பிலேயே சொல்வது, தெளிந்த, குளிர்ந்த தண்ணீருக்கானது என்று. நம் சிங்கில் தெளிந்த தண்ணீர் விழாது. துணி நூல், முடி, சோப்பு நுரை, மீன் செதில், குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளில் கடற்கரை மணல், இவையெல்லாம் கலந்து வரும். கிணற்றுப் பம்பின் இம்பெல்லர் இடுக்குகள் குறுகலானவை, நூலும் முடியும் அங்கே போய்ச் சுற்றிக்கொள்ளும்.

இன்னொரு தொல்லை, அந்தப் பம்ப் தண்ணீருக்கு மேலே தரையில் உட்கார்ந்து கீழேயிருந்து உறிஞ்ச வேண்டியிருப்பது. உறிஞ்சுவது என்கிறோமே தவிர, பம்ப் தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. காற்றால் தாங்க முடிந்தது அதிகபட்சம் 10.3 மீட்டர் தண்ணீர், நடைமுறையில் அதைவிடக் குறைவு. நம் குழி அவ்வளவு ஆழமில்லைதான். ஆனால் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் புட் வால்வில் ஒரு நூல் மாட்டினாலும் தண்ணீர் இறங்கிவிடும், பம்ப் ஏர் பிடித்துவிடும். கழிவுத் தண்ணீருக்குப் பம்ப் தண்ணீருக்குள்ளேயோ அதற்குக் கீழ் மட்டத்திலோ இருப்பதே சரி. தண்ணீர் தானாக அதன் வாய்க்குள் வந்து விழ வேண்டும்.

அப்படி இருப்பவை இரண்டு வகை. ஒன்று, சிங்க்குக்கு அடியிலேயே தரையில் வைக்கும் சிறு பெட்டி. பெட்டிக்குள் பம்பும், தண்ணீர் ஏறினால் தானாக ஓட வைக்கும் சுவிட்சும் இருக்கும். குழி தோண்ட வேண்டாம், வாடகை வீட்டுக்கும் ஒத்துவரும். பெட்டி சின்னது என்பதால் வரும் தண்ணீரை உடனே தள்ளிவிட வேண்டும், இங்கே டிஸ்சார்ஜ் கணக்கில் கஞ்சத்தனம் கூடாது. மற்றது, தரையில் குழி எடுத்து அதில் கழிவு நீருக்கான, தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் பம்பை இறக்குவது. குழி கொஞ்சம் தண்ணீரைத் தாங்கும் என்பதால் பம்ப் நிதானமாக ஓடலாம். நிரந்தர வீட்டுக்கு நான் இதையே சொல்வேன்.

இந்தப் பம்பை வாங்கும்போது தகட்டில் ஒன்றைத் தேடுங்கள்: எத்தனை மி.மீ. பருமனுள்ள பொருள் உள்ளே போய் வெளியே வரும் என்ற எண். சிங்க்குக்கு 10 மி.மீ. தாராளம். கழிவறைக்கென்று வரும் கட்டர் பம்ப் இங்கே தேவையில்லை. கழிவறை இணைப்பை இந்தக் குழியில் சேர்க்கவும் வேண்டாம். அதற்கு வேறு பம்ப், வேறு குழி, வேறு கணக்கு.

நம் ஊர்க் கழிவில் இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று கஞ்சி. சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க சிங்கில் ஊற்றும் பழக்கம் உண்டு. சிறு சப்மெர்சிபிள் பம்புகள் பலவற்றுக்குத் தாங்கும் சூடு 35 முதல் 40 டிகிரி செல்சியஸ்தான், கையேட்டில் போட்டிருக்கும். சூட்டைவிட மோசம், கஞ்சி ஆறியதும் குழியின் சுவரிலும் சுவிட்சிலும் பசை போல் படிவது. மற்றது ரப்பர் பால். பால் வாளியைக் கழுவிய வெள்ளைத் தண்ணீர் குழியில் நின்றால் உறைந்து இழுவையாகத் திரளும், இம்பெல்லரில் சுற்றினால் கத்தி வைத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ரப்பர் ஷீட் அடித்த பிறகு மிஞ்சும் ஆசிட் தண்ணீர் இரும்பையும் அரிக்கும். இவற்றை சிங்க்குக்குக் கொண்டுவராமல் வெளியே ஒரு வாளியில் உறைய விட்டு, திரண்ட ஒட்டுப்பாலை எடுத்துவிடுங்கள். எந்தப் பம்பைத் தேர்ந்தெடுத்தாலும் இதற்கு மாற்று இல்லை.

சுருக்கம்: தண்ணீருக்கு மேலே உட்காரும் கிணற்றுப் பம்ப் வேண்டாம். கழிவு நீருக்கென்றே செய்த, தண்ணீருக்குள் நிற்கும் பம்ப். நூலையும் செதிலையும் சிங்க் வாயிலேயே சல்லடையால் பிடித்துவிட வேண்டும், பாலும் கஞ்சியும் குழிக்கு வரக் கூடாது.

## பம்பைச் சுற்றியுள்ளவை

மிதவை ஏறினால் மோட்டாரைப் போட்டு, இறங்கினால் நிறுத்துவது ஃப்ளோட் சுவிட்ச். அதன் வயர் குழிச் சுவரில் உரசாமல் ஏறி இறங்க இடம் வேண்டும். குறுகிய குழியில் மிதவை ஓரத்தில் மாட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காமல் ஓடி, தண்ணீர் இல்லாமல் சூடேறி எரியும்.

தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் கதவு என்ஆர்வி. அது இல்லையென்றால் மோட்டார் நின்றதும் குழாயில் நிற்கும் தண்ணீர் திரும்பி இறங்கும். நம் 12 மீட்டர், 32 மி.மீ. குழாயில் கிட்டத்தட்ட 10 லிட்டர் நிற்கிறது. அது இறங்கியதும் மிதவை ஏறும், மோட்டார் மறுபடி ஓடும். ஒரே தண்ணீரை ஏற்றி இறக்கியே மோட்டார் சாகும். என்ஆர்விக்கு மேலே ஒரு கேட் வால்வும், குழாயை அறுக்காமல் பம்பைக் கழற்றி மாட்ட உதவும் திருகு இணைப்பான யூனியனும் வையுங்கள். அன்றைக்கு மிச்சப்படுத்தும் சில நூறு ரூபாய் பிறகு குழாயை அறுக்கும் வேலையாக வந்து நிற்கும்.

குழியின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் காற்று போய்வர ஒரு குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். காற்றுக்கு வழியில்லாவிட்டால் சிங்க் களக்களக்கென்று சத்தம் போடும், தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கும். சிங்க்குக்கு அடியில் வளைந்து தண்ணீர் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் டிராப்பும் வறண்டுபோகும்.

கரண்ட் விஷயத்தில் சமரசம் வேண்டாம். ஈரத் தரையில் நின்று, தண்ணீரில் கை வைத்து வேலை செய்யும் இடம் இது. கசிவு 30 மில்லி ஆம்பியர் ஆகும்போது இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் ஒழுங்கான எர்த்தும் இல்லாமல் இந்த மோட்டாரை ஓட்டக் கூடாது. பம்போடு வரும் கேபிளை வெட்டி, குழிக்குள் டேப் சுற்றி நீட்டுவதை எந்த எலெக்ட்ரீஷியன் செய்தாலும் அனுமதிக்காதீர்கள். பிளக் பாயின்ட் இடுப்புக்கு மேலே இருக்கட்டும்.

## இரண்டு மழை

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனில் ஊறத் தொடங்கும் மண் டிசம்பர் வரை காய்வதில்லை. சிமென்ட் உறையை இறக்கி அடியைப் பூசாமல் விட்ட குழியில் நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே இருக்கும். சிங்கை யாரும் தொடாத நேரத்திலும் மோட்டார் ஓடுகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். குழி தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியை இறக்கிச் சுற்றிலும் கான்கிரீட் போடுவது எளிய வழி, ஏனென்றால் வெறும் தொட்டியை ஊற்று நீர் மிதக்க வைத்துத் தூக்கிவிடும். கீழ்த்தளச் சுவரிலிருந்து கசியும் தண்ணீரையும் இதே பம்பில் தள்ளிவிடலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். அது நாள் முழுக்க வரும் தண்ணீர், கணக்கே மாறிவிடும்.

மழையோடு கரண்டும் போகும். அப்போது சிங்கில் ஊற்றுவது நேராகக் குழியில் தங்கும். 100 லிட்டர் கொள்ளும் குழியென்றால், மிதவை ஏறும் மட்டத்துக்கு மேல் எத்தனை வாளி பிடிக்கும் என்று முன்பே ஊற்றிப் பார்த்து, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். இன்வெர்ட்டரில் இணைக்க நினைத்தால், மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது வாங்குவதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## கடைக்குப் போகும்போது

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: மொத்த ஹெட் 4 மீட்டர், அந்த உயரத்தில் நிமிஷத்துக்கு 40 லிட்டர், சிங்க் கழிவு நீர், 10 மி.மீ. பொருள் போக வேண்டும், ஃப்ளோட் சுவிட்சோடு. உங்கள் வீட்டு எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் அந்தப் பம்பின் அட்டவணையைக் கேட்டு, 4 மீட்டருக்கு நேராக விரலை வைத்துப் பாருங்கள். 40-உம் அதற்குக் கொஞ்சம் மேலும் இருந்தால் சரி. 150 என்றிருந்தால் பெரிது, குழியைச் சில வினாடிகளில் காலி செய்து, நின்று, மறுபடி கிளம்பி, அந்தக் கிளம்பலிலேயே தேயும். நம் உயரம் அட்டவணையின் நடுவாக்கில் விழும் பம்பே நீடிக்கும்.

மாட்டிய அன்றே நான்கைந்து வாளித் தண்ணீர் ஊற்றி, மிதவை எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது, நின்றபின் தண்ணீர் திரும்பி இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, மூடியைத் திறந்து மிதவையிலும் பம்பின் அடியிலும் படிந்த பிசுக்கைத் துடைக்க வேண்டும். குழிக்குள் கையை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வேறு யாராவது தெரியாமல் போட்டுவிடலாம், கை பட்டு மிதவை எழும்பினாலே மோட்டார் ஓடத் தொடங்கிவிடும்.